மைக்ரோவேவ் சூட்டில் டயருக்குப் புதுப் பட்டை: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்கும் டிராக்டர் டிரெய்லருக்கும் டயர் சீக்கிரம் மொட்டையாகிவிடும். தார்ச்சாலையில் ஓடுகிற டயர் வேறு, சரளையும் சேறுமாகக் கிடக்கிற தோட்டத்துப் பாதையில் பாரத்தோடு ஏறி இறங்குகிற டயர் வேறு. தரையில் படுகிற பூ தேய்ந்து போனாலும் டயரின் உடல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அந்த உடலைச் சுரண்டி, புது ரப்பர்ப் பட்டை போட்டு, சூட்டில் இறுகும்படி வேகவைத்துக் கொடுப்பதுதான் எங்கள் பட்டறையின் வேலை. மலாயில் 'தாயார் செலுப்' என்பார்கள். நம் ஆட்களுக்கு அது செலுப் டயர்.

பழைய முறையில் பச்சையான, அதாவது இன்னும் வேகாத, பட்டையைச் சுற்றி ஒட்டி, பூவைப் பதிக்கிற 150 டிகிரி அச்சில் (மோல்டில்) வைத்துவிட்டுக் காத்திருப்போம். ரப்பர் சூட்டை லேசில் உள்ளே விடாது. 18 மில்லிமீட்டர் தடிமனுள்ள பட்டையில் ஒரு பக்கத்துச் சூடு மறுபக்கம் போய்ச் சேர முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. டிராக்டர் டயரின் தோள் பக்கம் எவ்வளவு தடிமன் என்று யோசித்தால், அச்சும் கரண்டும் எதற்காக மணிக்கணக்கில் செலவாகின்றன என்பது புரியும்.

அதனால்தான் அச்சுக்கு முன்னால் மைக்ரோவேவ் அறை. பட்டை ஒட்டிய டயரை உலோகம் இல்லாத தண்டில் தொங்கவிட்டுச் சுழற்றி, 80 டிகிரி வரை சூடேற்றி, ஆறுவதற்குள் அச்சில் வைத்துவிடுகிறோம். 12 கிலோ பட்டையை 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 0.3 யூனிட் கரண்ட்டின் சக்திதான் ரப்பருக்குள் போக வேண்டும். 4 கிலோவாட் உள்ளே இறங்கினால் நான்கரை நிமிட வேலை. 80 டிகிரிக்கு மேல் நாங்கள் போவதில்லை. போனால் அச்சில் பூ பதிவதற்கு முன்பே ரப்பர் வேகத் தொடங்கிவிடும்.

இந்தச் சூட்டின் குணத்தை மட்டும் முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அச்சின் சூடு வெளியிலிருந்து உள்ளே போகும். மைக்ரோவேவ் சூடு ரப்பரின் உள்ளேயே பிறக்கும். வெளித்தோல் காற்றுப் பட்டு ஆறிக்கொண்டே இருக்கும். கையால் தொட்டுப் பார்த்தே பதம் சொல்லிப் பழகியவர்கள் ஏமாறுவது இங்கேதான். கீழே வருகிற கோளாறுகளில் பாதிக்கு மேல், தோலை நம்பி உள்ளே பார்க்காமல் விட்டதால் வந்தவை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறைக்குப் பின்னால் இருக்கிற மின்பெட்டியை நீங்கள் திறக்கவே கூடாது. சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே இருக்கிற கெபாசிட்டரில் ஆளைக் கொல்லும் மின்சாரம் நிற்கும். பயிற்சி பெற்ற எலக்ட்ரிக் ஆள் மட்டும்தான் அதில் கை வைக்கலாம்.

உள்ளே பொறி பறக்கிறது, படபடவென்று சத்தம் கேட்கிறது

உடனே நிறுத்துங்கள். இன்னொரு சுற்று பார்க்கலாம் என்று விடாதீர்கள். ரப்பருக்குள் முழுதாகப் புதைந்திருக்கிற கம்பியால் பொதுவாகத் தொல்லை வராது. அலை அதில் பட்டுத் திரும்பிவிடும். வெளியே எட்டிப் பார்க்கிற கம்பி முனைதான் பொறி கக்கும். ஸ்டீல் ரேடியல் டயரில் வெட்டுக்காயத்தைச் சுரண்டிய இடம், பெல்ட்டின் ஓரம், ரிம்மில் உட்காரும் விளிம்பு (பீட்) உரிந்த இடம் ஆகியவற்றை டார்ச் அடித்துத் தேடுங்கள். ஒரு முடி கனமுள்ள கம்பிகூடப் போதும். தோட்டத்துப் பாதையில் ஓடிய டயர் என்றால் உடலுக்குள் ஆணி உடைந்து நிற்கும், அதை விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க முடியும். பட்டையின் இரு முனையையும் சேர்க்கும்போது ஸ்டேப்பிள் அடிக்கிற பழக்கம் இருந்தால், மைக்ரோவேவுக்குப் போகிற டயரில் அதைச் செய்யாதீர்கள்.

சூடு பார்க்கிறோம் என்று உலோகக் கம்பி வைத்த சென்சாரை உள்ளே விட்டாலும் இதே கதைதான். மைக்ரோவேவ் ஓடும்போது உள்ளே வைக்க ஃபைபர் ஆப்டிக் சென்சார்தான் சரி. அது இல்லையென்றால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஊசி வெப்பமானியைக் குத்திப் பாருங்கள். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

தொட்டால் வெதுவெதுப்புதான், ஆனால் அச்சில் பூ சரியாகப் பதியவில்லை

தோல் குளிர்ந்து, உள்ளே முன்கூட்டியே வெந்துவிட்ட டயர் இது. பட்டையின் நடு ஆழத்தில் ஊசியைக் குத்தினால் உண்மை தெரியும். தொடாமல் சூடு பார்க்கிற அகச்சிவப்புத் துப்பாக்கி காட்டும் எண் வெறும் தோலின் சூடு. எங்கள் பட்டறையில் தோல் 62 டிகிரி காட்டியபோது ஊசி 88 காட்டியது உண்டு.

மருந்து சுலபம். தொடர்ந்து முழுச் சக்தியில் ஓட்டாமல் ஒரு நிமிடம் ஓட்டி ஒரு நிமிடம் நிறுத்துங்கள். நிறுத்திய நேரத்தில் உள்ளே இருக்கிற சூடு பக்கத்துக்குப் பரவிச் சமமாகும். நான்கரை நிமிட வேலை ஒன்பது நிமிடமாகும், பரவாயில்லை. அறைக்குள் வெதுவெதுப்பான காற்றைச் சுழல விட்டால் தோல் ஆறுவதும் குறையும்.

ஒரு பக்கம் சுடுகிறது, ஒரு பக்கம் ஆறியிருக்கிறது

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழி. பட்டறையில் புதிதாகச் சேர்கிற தம்பிகளிடம் நான் சொல்வது, இந்த அறையில் அந்தப் பழமொழி செல்லாது என்பதுதான். 2450 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அறைச் சுவரில் பட்டுத் திரும்புகிற அலையும் போகிற அலையும் கலக்கும்போது, ஏறக்குறைய 6 சென்டிமீட்டருக்கு ஒரு சூட்டுத் திட்டு, இடையில் ஒரு குளிர்த் திட்டு என்று நின்றுவிடும். ஒரே இடத்தில் குத்திப் பார்த்தால் நல்லதும் காட்டும், கெட்டதும் காட்டும்.

இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. சூடு 10 டிகிரி ஏறினால் ரப்பர் வேகும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஒரு திட்டுக்கும் அடுத்த திட்டுக்கும் 20 டிகிரி வித்தியாசம் என்றால் ஒன்று மற்றதைவிட நான்கு மடங்கு வேகமாக வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரே டயரில் கருகலும் பச்சையும் அடுத்தடுத்து இருக்கும்.

முதலில் டயர் சுழல்கிறதா என்று பாருங்கள். மோட்டார் ஓடும், பெல்ட் நழுவியிருக்கும், டயர் நின்ற இடத்தில் நிற்கும். அப்புறம் மேலே இருக்கிற அலை கலக்கும் விசிறி. அதன் இறக்கையில் ரப்பர்த் தூள் படிந்து சிக்கியிருந்தால் துடையுங்கள். இரண்டும் சரியாக இருந்தும் வித்தியாசம் வந்தால், டயரைத் தண்டில் 3 சென்டிமீட்டர் நகர்த்தி மாட்டிப் பாருங்கள். சூட்டுத் திட்டு டயரில் வேறு இடத்துக்கு மாறினால் கோளாறு அறையில் இருக்கிறது. டயரில் அதே இடத்திலேயே இருந்தால் கோளாறு ரப்பரில் இருக்கிறது. நாங்கள் எட்டு இடத்தில் சாக்பீஸால் குறி போட்டு, எட்டிலும் குத்தி, எண்ணைப் பக்கச் சுவரிலேயே எழுதிவிடுவோம். டயர் அச்சுக்குப் போகும்போது அந்த எண்களும் கூடவே போகும்.

எவ்வளவு நேரம் ஓட்டினாலும் சூடு ஏறவில்லை

ரப்பர்க் கலவையைச் சந்தேகப்படுங்கள். இதைக் கண்ணால் பார்க்க ஒரு சோதனை உண்டு. நன்றாக உலர்ந்த ரப்பர் ஷீட்டில் கையகலத் துண்டு ஒன்று, அதே எடையில் கறுப்புப் பட்டைத் துண்டு ஒன்று. இரண்டையும் தனித்தனியாக, பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீரோடு, ஒரே நேரம் வைத்து எடுங்கள். பட்டைத் துண்டைக் கையில் பிடிக்க முடியாது. ஷீட்டுத் துண்டு சும்மா கிடக்கும். மரத்திலிருந்து வருகிற ரப்பர் மைக்ரோவேவை ஏறக்குறைய கண்டுகொள்ளாது. அதில் கலக்கிற கரித்தூள்தான் அலையைப் பிடித்துச் சூடாக்குகிறது. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கோலகங்சாரில், 1877ஆம் ஆண்டு வந்த முதல் கன்றுகளில் ஒன்று என்று சொல்லிக் காத்து வருகிற பால்மரம் இன்னும் நிற்கிறது. அதன் வழித்தோன்றல்களின் பாலை வைத்துப் பிழைத்த ஊர் இது. அந்தப் பால் இந்தச் சூட்டுக்கு மசியாது என்பதை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே ஆச்சரியமாக இருந்தது.

ஆகவே கரித்தூள் குறைந்த கலவை, சிலிக்கா கலந்த கலவை எல்லாம் மெதுவாகத்தான் சூடாகும். பட்டை வாங்குகிற இடத்தை மாற்றினீர்களா, கலவையை மாற்றினார்களா என்று கேளுங்கள். புதுச் சரக்கு வந்தால் பழைய நேரக் கணக்கைத் தூக்கி வைத்துவிட்டு, முதல் டயரில் நிமிடத்துக்கு ஒருமுறை குத்திப் பார்த்துப் புதுக் கணக்கு போடுங்கள்.

கலவை மாறவே இல்லை, நாளுக்கு நாள் மட்டும் நேரம் கூடுகிறது என்றால், மைக்ரோவேவ் அலையை உண்டாக்குகிற மேக்னட்ரான் தளர்ந்து வருகிறது. அதற்குத் தண்ணீர்ச் சோதனை. பிளாஸ்டிக் வாளிகளில் மொத்தம் 10 லிட்டர் தண்ணீர் வையுங்கள். சூட்டைக் குறித்துக்கொண்டு, சரியாக 2 நிமிடம் முழுச் சக்தியில் ஓட்டி, கலக்கிவிட்டு மறுபடி அளவுங்கள். 12 டிகிரி ஏறியிருந்தால் உள்ளே இறங்கியது ஏறக்குறைய 4.2 கிலோவாட். 9 டிகிரிதான் என்றால் 3.1 கிலோவாட். அறை புதிதாக இருந்தபோது எடுத்த எண் கையில் இருந்தால்தான் ஒப்பிட முடியும். ஆகவே புது அறை வாங்குகிறவர்கள் முதல் நாளே இதைச் செய்து சுவரில் எழுதி வையுங்கள். ஒன்றுமே வைக்காமல் காலியாக ஓட்டாதீர்கள். போக இடமில்லாத அலை திரும்பி வந்து மேக்னட்ரானையே பதம் பார்க்கும்.

உடலில் கொப்புளம், பட்டையில் பஞ்சு மாதிரித் துளை

தண்ணீர். பெரும்பாலும் தண்ணீர்தான். பேராக்கில் மத்தியானத்து மழையைப் பற்றி யாருக்கும் சொல்லத் தேவையில்லை. தோட்டத்திலிருந்து வருகிற டயர் வெட்டவெளியில் கிடந்திருக்கும். உள் குழியில் தண்ணீரும் கொசுப்புழுவும் இருக்கும். கொட்டித் துடைத்துவிட்டால் காய்ந்துவிட்டது என்று நினைப்போம். வெட்டுக்காயம் வழியாக இறங்கிய தண்ணீர் நைலான் நூலோடு ஊறிப்போய் உள்ளேயே இருக்கும்.

பழைய அச்சு முறையில் இந்த ஈரம் ஓரளவு தப்பித்துக்கொள்ளும். மைக்ரோவேவில் தப்பாது. தண்ணீர் அலையை நன்றாகப் பிடிக்கும். ஈரம் இருக்கிற இடம் சுற்றியுள்ள ரப்பரைவிட முந்திக்கொண்டு சூடேறும். நூறு டிகிரியை எட்டினால் ஆவியாகி, அடுக்கைப் பிரித்துக்கொண்டு வெளியே வரப் பார்க்கும். இந்த அறையில் அதை அமுக்கிப் பிடிக்க அச்சின் அழுத்தமும் கிடையாது. டிராக்டர், டிரெய்லர் போன்ற நைலான் டயர்களில்தான் இது அதிகம். ஸ்டீல் பெல்ட் இருந்தால் அது கொஞ்சம் மறைத்துக்கொடுக்கும், நைலான் டயரில் அலை நேராக உடலுக்குள் போகும்.

உலர்த்தறையில் 50 டிகிரியில் ஒரு இரவு முழுக்க வைத்து, காலையில் எடை போடுங்கள். இன்னும் சில மணி நேரம் வைத்து மறுபடி எடை போடுங்கள். இரண்டு எடையும் ஒன்றாக வந்தால் காய்ந்தது. வரவில்லையென்றால் திரும்ப உள்ளே. அவசரம் என்று தோட்டத்திலிருந்து போன் வந்தாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். சந்தேகமான டயரை அரை நிமிடம் மட்டும் ஓட்டிவிட்டு அகச்சிவப்புத் துப்பாக்கியால் பக்கச் சுவரைச் சுற்றிப் பாருங்கள். பட்டையைவிடப் பக்கச் சுவரில் ஒரு திட்டு சூடாக இருந்தால் அங்கே ஈரம் ஒளிந்திருக்கிறது. தோலைப் பார்க்கிற அந்தக் கருவி உருப்படியாக உதவுகிற இடம் இது.

காய்ந்த டயரிலும் துளை வந்தால், அச்சுக்குள் வைக்கிற பையின் காற்றழுத்தத்தைப் பாருங்கள். அழுத்தம் முழுதாக ஏறுவதற்குள் ரப்பர் வெந்தாலும், வேகாமலே அழுத்தத்தை இறக்கிவிட்டாலும் பஞ்சுதான்.

பட்டை உரிந்து வந்துவிட்டது

இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு சாயங்காலம் தோட்டத்து லோரி அண்ணன் ஒருவர் பட்டறை வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு முழ நீளத்துக்குக் கறுப்புப் பட்டை. "தம்பி, மிச்சம் ரோட்டுல கெடக்கு. பாரத்தோட மேட்டுல ஏறிக்கிட்டு இருந்தேன். நல்ல வேளை, பின்னாடி யாரும் வரல" என்றார். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அது நான் வேகவைத்த டயர்.

அன்று ராத்திரியே அந்த டயரின் மிச்சத்தைச் சோப்புத் தண்ணீர் தொட்ட கத்தியால் குறுக்கே வெட்டினேன். மேல் பட்டை கெட்டியாக, நன்றாக வெந்திருந்தது. பழைய உடலும் நன்றாக இருந்தது. இரண்டுக்கும் நடுவே, பட்டையை உடலோடு ஒட்டுகிற மெல்லிய ரப்பர்ப் படலமான குஷன் கம், ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் ஒரு கோடு. அதில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினேன். பள்ளம் விழுந்தது, திரும்ப எழும்பவில்லை. முகர்ந்தால் பச்சைக் கந்தக வாடை.

காரணம் மேலே சொன்ன கரித்தூள்தான். அந்தக் குஷன் கம்மில் கரித்தூள் குறைவு. மைக்ரோவேவ் பட்டையைச் சூடாக்கியது, நடுக்கோட்டைத் தொடவே இல்லை. பட்டை 80 டிகிரி காட்டியதும் நான் அச்சு நேரத்தைக் குறைத்துவிட்டேன். பட்டைக்கு அந்த நேரம் போதும், ஒட்டுக்குப் போதாது. அதிலிருந்து இரண்டு மாற்றம் செய்தோம். அச்சு நேரத்தைக் குஷன் கம்மில் குத்திய ஊசியைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம். மைக்ரோவேவ் முடிந்ததும் டயரைப் போர்வை சுற்றி ஐந்து நிமிடம் நிறுத்துகிறோம், பட்டையின் சூடு கீழே இறங்கட்டும் என்று.

உங்களிடம் உரிந்து வருகிற டயரும் இதே காரணத்தால்தான் உரிந்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உரிந்த முகத்தைப் பாருங்கள், அதுவே சொல்லும். ரப்பர் கரடுமுரடாகப் பிய்ந்து, இரண்டு பக்கமும் ரப்பர் ஒட்டிக்கொண்டிருந்தால் ஒட்டு நன்றாகத்தான் இருந்தது. அதிக பாரமோ காற்றுக் குறைவோ வெட்டோ காரணம். உடலின் பக்கம் சுரண்டிய வரி அப்படியே சுத்தமாகத் தெரிந்தால் பசையோ சுரண்டலோ சரியில்லை. சுரண்டும் கத்தி மழுங்கிச் சூடேறினால் உடலின் மேல் ஒரு கருகிய பளபளப்பு வரும், அதன் மேல் எதுவும் ஒட்டாது. சுரண்டிய உடலை ராத்திரி முழுக்கத் திறந்து போட்டாலும் தூசியும் ஈரமும் படிந்துவிடும், அன்றே பசை பூசிவிட வேண்டும். வழவழவென்று, பிசுபிசுப்போடு பிரிந்தால்தான் வேகாத குஷன் கம்.

ரப்பர் மெத்தென்று இருக்கிறது: வேகவில்லையா, அதிகமாக வெந்துவிட்டதா?

இயற்கை ரப்பருக்கு ஒரு குணம் உண்டு. வேகவேக இறுகும், அளவைத் தாண்டினால் மறுபடி இளகும். ஆகவே மெத்தென்று இருந்தால் பச்சை என்று நினைத்து இன்னும் சூடு கொடுத்துக் கெடுத்துவிடக் கூடாது. நகம் கனத்தில் ஒரு சீவல் எடுத்து, 150 டிகிரி அச்சுத் தகட்டுக்கு நடுவே கால் மணி நேரம் அழுத்தி வையுங்கள். இறுகினால் அது பச்சை. இன்னும் இளகிப் பிசுபிசுத்தால் அது அதிகம் வெந்தது. அதிகம் வெந்தது சூட்டுத் திட்டில்தான் இருக்கும், சாக்பீஸ் எண்களோடு ஒப்பிட்டால் இடம் பொருந்தும்.

முடிந்த டயரை ஒரு நாள் ஆறவிட்டு, கடினமானியால் எட்டுக் குறியிலும் அளவுங்கள். பட்டை ஷோர் ஏ அளவில் 60க்கும் 70க்கும் நடுவே நிற்பது வழக்கம். எட்டுக்குள் 5 புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நாங்கள் அந்த டயரை வெளியே விடுவதில்லை. செலுப் டயருக்கான மலேசியத் தரமான எம்.எஸ். 224இன்படி செய்கிற பட்டறைகள், மைக்ரோவேவ் நேரத்தையும் எண்களையும் டயர் நம்பரோடு ஏட்டில் ஏற்றிவிடுவது நல்லது. டயர் திரும்பி வந்தால் தேடுவதற்கு அதுதான் வழி.

கதவுப் பக்கம் நின்றால் சூடு தெரிகிறது, கதவு சரியாகச் சாத்தவில்லை

கதவின் விளிம்புப் பட்டியில் ரப்பர்த் தூளும் பிசினும் படிந்தால் இடைவெளி விழும். வேலை முடிந்ததும் தினமும் துடையுங்கள். கசிவுமானியை வாரத்துக்கு ஒரு தடவை கதவைச் சுற்றி 5 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து நகர்த்துங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட் என்பது வீட்டு மைக்ரோவேவ் அடுப்புக்கு வைத்திருக்கிற உச்ச வரம்பு. எங்கள் பட்டறையில் 1 காட்டினாலே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுவோம். கதவு திறந்தால் தானே அணைகிற சுவிட்ச் பழுதானபோது, அதைக் கம்பியால் கட்டி வைத்து ஓட்டுவதை ஒரு பட்டறையில் கண்ணால் பார்த்திருக்கிறேன். அலை கண்ணுக்குத் தெரியாது. கண் அந்தச் சூட்டைத் தாங்காது, சுட்டது தெரிவதற்குள் கெட்டுப்போயிருக்கும்.

அந்த சுவிட்ச் சரியாகும் வரை அறை பூட்டியே இருக்கட்டும். டயரை அன்றைக்குப் பழைய முறையில் அச்சிலேயே வேகவைத்துக் கொடுத்துவிடலாம்.